அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாசித்து வருகிறேன். என் கணவர் இருந்தவரை அவர் படித்து முடித்த பிறகுதான் என் கைக்கு வரும். இப்போது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் மட்டும்தான். ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, தப்பித்து, மற்ற அடிமைகளையும் மீட்டு வந்த கறுப்பினப் பெண் ஹாரியட் டப்மன் பற்றிக் கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரைதான் எழுத வைத்தது.

நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட கட்டுரை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் நடுவே கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் ஒரு மேற்கோள் போட்டிருந்தீர்கள். ‘ஆயிரம் அடிமைகளை விடுவித்தேன், தாங்கள் அடிமைகள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேரை விடுவித்திருப்பேன்’ என்று டப்மன் சொன்னாராம். வாட்ஸ்அப்பில் எனக்கு இது பலமுறை வந்திருக்கிறது. பட்டிமன்ற மேடையிலும் கேட்டிருக்கிறேன். டப்மன் வாழ்ந்த காலத்து ஆவணம் எதிலும் இந்த வாக்கியம் கிடையாது. அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் இதை அவர் சொல்லவில்லை என்று மறுத்திருக்கிறார்கள். எண்ணிக்கையும் பொருந்தவில்லை. 1849-இல் அடிமைமுறை இருந்த மேரிலாந்து மாநிலத்திலிருந்து தப்பிய அவர், பிறகு சுமார் 13 முறை அங்கே திரும்பிச் சென்று, ஏறத்தாழ 70 பேரை அழைத்து வந்தார். ஆயிரம் அல்ல, கட்டுரை சொல்லும் 300-ம் அல்ல. 70 பேர் என்பதே எப்பேர்ப்பட்ட காரியம்! அதை ஊதிப் பெரிதாக்க வேண்டிய தேவையே இல்லை.

எண் தவறுவது பெரிதல்ல, திருத்திக்கொள்ளலாம். அந்த வாக்கியம் சொல்லவரும் செய்திதான் என்னை இரண்டு நாட்களாகத் தூங்க விடவில்லை. அடிமைப்பட்டவர்களுக்குத் தங்கள் நிலையே தெரியவில்லை, தெரிந்திருந்தால் போயிருப்பார்கள் என்கிறது அது. குற்றம் கடைசியில் அவர்கள் தலையில் வந்து விழுகிறது. என் பாட்டி கீழத்தஞ்சையில் பண்ணையாள் குடும்பத்தில் பிறந்தவர். ‘அந்தக் காலத்துல அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சந்தோஷமாத்தான் இருந்தாங்க’ என்று பெரிய வீட்டுப் பிள்ளைகள் என் காதுபடச் சொன்னதுண்டு. எந்த வருஷம் எத்தனை மரக்கால் நெல்லைக் குறைத்து அளந்தார்கள் என்று பாட்டி சாகும்வரை வரிசையாகச் சொல்வார். என்ன நடக்கிறது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். போவதற்கு வழிதான் இல்லை.

அதனால்தான் டப்மன் பங்கெடுத்த ஒரு காலைப்பொழுதைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். உங்கள் கட்டுரையில் அது ஒரே வரியில் முடிந்துவிட்டது.

என் மகள் அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கிறாள். 2024-இல் அவளோடு தங்கியிருந்தபோது தெற்கே தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்துக்கும் அதைத் தாண்டியும் காரில் அழைத்துப் போனாள். 17-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு பாலம். கீழே கம்பீ ஆறு. எழுதுவது வேறு மாதிரி, அந்த ஊர்க்காரர்கள் ‘கம்பீ’ என்றுதான் சொல்கிறார்கள். பாலத்துக்கு டப்மன் பெயர் வைத்திருக்கிறார்கள். இறங்கி நின்று பார்த்தேன். இருபுறமும் கண்ணுக்கெட்டியவரை கோரையும் சேறும். ஆனால் அந்தக் கோரைக்கு நடுவே நேர்கோடாக மேடுகள் ஓடுவது வயல் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ‘அம்மா, அது சதுப்புநிலம்’ என்றாள் மகள். ‘இல்லடி, அது வரப்பு’ என்றேன்.

வரப்புதான். அந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் நெல் வயல். நம்மைப் போல நாற்றுவிட்டு நடுவது கிடையாது, நேரடி விதைப்பு. பெண்கள் விதையைப் போட்டுக் குதிகாலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே போவார்கள். தண்ணீர் பாய்ச்சும் விதம்தான் அதிசயம். கடல் ஏற்றம் வரும்போது ஆற்றின் நன்னீர் மேலே எழும்பும். அந்த நேரம் பார்த்து மதகைத் திறந்து வயலை நிரப்புவார்கள், வற்றும்போது வடிப்பார்கள். உப்புத்தண்ணீர் ஏறிவிட்டால் வெள்ளாமை போச்சு. ஆற்றோரத்துச் சைப்ரஸ் மரக்காட்டை வெட்டி, வேரைத் தோண்டி, சேற்றில் இடுப்பளவு நின்று மைல்கணக்கில் கரை போட்டவர்கள் அடிமைகள். மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளையும் பகுதிகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் அவர்களில் நிறையப் பேர். நெல்லைப் பற்றிய அறிவும் அவர்களோடுதான் கப்பலேறியது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் ஏக்கர் என்பது பொதுவான வேலைக்கணக்கு. கோடையில் மலேரியா. மே மாதம் பிறந்ததும் முதலாளிக் குடும்பங்கள் சார்ல்ஸ்டனுக்கும் மேட்டுநிலத்துக்கும் போய்விடும். அந்தக் கொசுவோடு வயலில் கிடந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த முதலாளிக் குடும்பங்களில் ஹேவர்ட் குடும்பம் மிகப் பெரியது. 1851-இல் இறந்த நதேனியல் ஹேவர்ட் 1,800-க்கும் மேற்பட்ட மனிதர்களுக்குச் சொந்தக்காரர். ஒரே தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த அவருடைய அண்ணன் தாமஸ் ஹேவர்ட், எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சொல்லும் 1776-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அதே குடும்பத்து வில்லியம் ஹேவர்டின் சைப்ரஸ் பண்ணை கம்பீ ஆற்றங்கரையில் இருந்தது. லவுண்டஸ், மிடில்டன், நிகோல்ஸ் என்று இன்னும் சிலரின் பண்ணைகளும் அதே கரையில்.

1861-இல், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்கு மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி வடக்கு மாநிலங்களின் கடற்படை போர்ட் ராயல் துறைமுகத்தைப் பிடித்தது. ப்யூஃபர்ட் நகரத்திலும் சுற்றியுள்ள தீவுகளிலும் இருந்த முதலாளிகள் வீடு வாசலை விட்டுவிட்டு ஓடினார்கள். சுமார் 10,000 அடிமைகள் ஓட மறுத்து அங்கேயே நின்றுவிட்டார்கள். அந்த 10,000 பேருக்கும் எது தெரியவில்லை? அன்றிலிருந்து ப்யூஃபர்ட் பக்கம் போய்ச் சேர்ந்தால் விடுதலை என்ற செய்தி கம்பீக் கரைக்கும் எட்டிவிட்டது. தெரிந்தும் ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் சதுப்பு, காவல், மோப்ப நாய், கைக்குழந்தை, நடக்க முடியாத கிழவர்கள். தனி ஆள் ஓடலாம். குடும்பத்தோடு எப்படி ஓடுவது?

டப்மன் 1862-இல் ப்யூஃபர்ட் வந்து சேர்ந்தார். பகலில் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தார். இரவில் பணியாரமும் இஞ்சி ரொட்டியும் சுட்டு, விற்றுப் பிழைத்தார். தனக்கு ராணுவம் கொடுத்த பணத்தில், தப்பி வந்த பெண்கள் துணி வெளுத்துச் சம்பாதிக்க ஒரு கூடம் கட்டிக் கொடுத்தார். அதோடு, ஆற்றுப் பகுதி தெரிந்த ஆட்களைச் சேர்த்துக்கொண்டு உளவும் பார்த்தார். ஆற்றில் எந்தெந்த இடத்தில் கண்ணிவெடி மிதக்கவிட்டிருக்கிறார்கள் என்ற தகவலைச் சொன்னவர்கள் அந்தப் பண்ணைகளின் அடிமைகளே. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் சொல்லாமல் எந்தக் கப்பலும் அந்த ஆற்றில் ஏறியிருக்க முடியாது.

1863 ஜூன் 1-ஆம் தேதி இரவு, ப்யூஃபர்ட்டிலிருந்து மூன்று கப்பல்கள் கிளம்பின. கர்னல் ஜேம்ஸ் மான்ட்கோமரி தலைமையில் இரண்டாம் தென் கரோலினாப் படைப்பிரிவின் சுமார் 300 வீரர்கள். எல்லோரும் கறுப்பினத்தவர், பெரும்பாலோர் அண்மைவரை அடிமைகளாக இருந்தவர்கள். டப்மனும் அவருடைய உளவாளிகளும் கூட இருந்தார்கள். ஒரு கப்பல் வழியிலேயே தரைதட்டி நின்றுவிட, மற்ற இரண்டும் விடியலில் ஆற்றில் ஏறின. மலேரியாவுக்குப் பயந்து எதிர்ப்படை தன் காவலைப் பெருமளவு பின்னுக்கு இழுத்திருந்த பருவம் அது. வயலில் அப்போது களை கொத்தும் வேலை.

அன்று லவுண்டஸ் பண்ணை வயலிலிருந்து வந்த ஒரு கிழவர், ப்யூஃபர்ட்டில் ஹிக்கின்சன் என்ற ராணுவ அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அதிகாரி அதை அவருடைய பேச்சு வழக்கிலேயே எழுதி வைத்தார். கிழவர் பெயர் மைனஸ் ஹாமில்டன் என்று பின்னாளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். வயது 88. பழைய லவுண்டஸ் முதலாளி எல்லாருடைய வயதையும் பெரிய புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாராம், அதனால் தன் வயது தனக்குத் தெரியும் என்றார். எல்லாரும் களை கொத்திக்கொண்டிருந்தோம், பீரங்கிப் படகு வந்தது, ஒவ்வொருத்தனும் களைக்கொத்தைப் போட்டான், நெல்லை விட்டான் என்கிறார். முதலாளி காட்டோரமாக நின்று கத்துகிறார்: காட்டுக்குள் ஓடி ஒளியுங்கள், வடக்கத்தியான் உங்களைப் பிடித்துக் கியூபாவில் விற்றுவிடுவான்! எல்லாரும் ஓடினார்கள். முதலாளி காட்டிய பக்கம் இல்லை, அவரைத் தாண்டி நேரே படகைப் பார்த்து ஓடினார்கள்.

கறுப்பு வீரர்கள் தலை நிமிர்த்திக் கரையேறியதைச் சொல்கிறார். பத்தாயிரம் புஷல் நெல் இருந்த களஞ்சியம் எரிந்ததைச் சொல்கிறார். இன்றைய கணக்கில் அது சுமார் 200 டன் நெல். நெல் எரிவதைப் பார்த்தால் எங்கள் ஊரில் யாருக்கும் வயிறு பற்றி எரியும். அவருக்கு எரியவில்லை. நான் படகுக்குப் போய்க்கொண்டிருந்தேன், எனக்கென்ன என்கிறார். கிழவர் உடம்பில் ஒரு சட்டை, ஒரு கால்சட்டை. மனைவிக்கு ஒரு கவுன், தலையில் ஒரு துணி. பின்னால் எதிரிகள் வருகிறார்கள் என்று யாரோ கத்த, ‘வா, சீக்கிரம் முன்னே வா’ என்கிறாள் கிழவி. இருவருடைய போர்வையையும் போட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

டப்மன் கண்ட காட்சியும் பதிவாகியிருக்கிறது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சோற்றுப் பாத்திரம் ஒரு பெண்ணின் தலைமேல் ஆவி பறக்கிறது. முதுகில் ஒரு குழந்தை. ஒரு கையால் அம்மாவின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மறு கையைப் பாத்திரத்துக்குள் விட்டு அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறது. பாவாடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று பிள்ளைகள். முதுகில் தொங்கும் பையில் ஒரு பன்றி. இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை. கிளம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்தத் தாய்க்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? சோறு ஆறும் நேரம்கூட இல்லை. அத்தனை குறைந்த நேரத்தில், சோறு, பிள்ளைகள், பன்றி என்று இனி வாழ வேண்டியதற்கானதை எல்லாம் அள்ளிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். தான் யார் என்று தெரியாதவள் செய்யும் வேலையா இது? பல நாள் மனசுக்குள்ளேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தவள் செய்யும் வேலை.

கரைக்கு வந்த துடுப்புப் படகுகளில் இடம் போதவில்லை. விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் ஜனங்கள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. துடுப்புக்காரர்கள் கையில் அடித்தும் விடவில்லை. ஜனங்களிடம் ஏதாவது சொல்லச் சொல்லி மான்ட்கோமரி டப்மனைக் கேட்டார். டப்மன் மேரிலாந்துக்காரர். அந்தக் கடற்கரை மக்கள் பேசும் கல்லா மொழி அவருக்குப் புரியாது. இவர் பேச்சைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்களாம். அதனால் பாடினார். கேட்டவர்கள் கைகளை உயர்த்தி ஆரவாரம் செய்ய, பிடி விட்டது, படகுகள் நகர்ந்தன. நோயுற்ற ஒரு பெண்ணின் இரண்டு பன்றிகளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது டப்மன் பாவாடை தடுக்கி விழுந்து, அது கிழிந்து தொங்கிவிட்டது. இனி இப்படிப்பட்ட பயணத்துக்கு நீளப் பாவாடை கட்டமாட்டேன், கால்சட்டை மாதிரி உடை அனுப்புங்கள் என்று அந்த மாதக் கடைசியில் பாஸ்டனுக்குக் கடிதம் சொல்லி எழுதச் செய்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அன்று விடுதலையடைந்தவர்கள் 750 பேருக்கும் மேல். ஆண்களில் சுமார் 150 பேர் அதே படைப்பிரிவில் சேர்ந்துவிட்டார்கள். ஆற்றங்கரையில் வீட்டையும் ஆலையையும் இழந்த நிகோல்ஸ், தன் நூலகம் எரிந்ததைப் பற்றிச் சார்ல்ஸ்டன் நாளிதழுக்கு வருந்தி எழுதினார். புத்தகம் எரிந்தால் வருத்தம்தான். ஆனால் அந்த வீட்டுக்கு எதிரே வயலில் இருந்தவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது தென் கரோலினாவில் சட்டப்படி குற்றம். அதனால் அவர்கள் தரப்பை எந்த நாளிதழுக்கும் எழுத அன்று அவர்களில் ஆளில்லை.

ஆனாலும் அவர்கள் தரப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அது கிடைத்தது ஓய்வூதியக் கோப்புகளில்.

நான் டெல்டா மாவட்டத்துச் சார்நிலைக் கருவூலம் ஒன்றில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பாதிக் காலம் ஓய்வூதியப் பிரிவில். குடும்ப ஓய்வூதியம் கேட்டு வரும் பெண்களிடம் கல்யாணத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்க வேண்டியது என் வேலை. ஒரு தலையாரியின் மனைவி வந்தார். குலதெய்வக் கோயிலில் தாலி கட்டியது, பதிவு இல்லை, போட்டோ இல்லை. பணிப்பதிவேட்டில் கணவர் பெயர் ஒன்று, குடும்ப அட்டையில் வேறு. ஒரே நபர் சான்று வாங்கி வாருங்கள் என்று மூன்று முறை திருப்பி அனுப்பினேன். நான்காம் முறை சான்றோடு அவருடைய நாத்தனாரும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் கூட வந்தார்கள். ‘பந்தல்ல நானும் இருந்தேம்மா, பந்தி பரிமாறினதே நான்தான்’ என்றார் பெரியவர், நான் கேட்காமலே.

கம்பீப் படைவீரர்களின் விதவைகளும் போருக்குப் பின் இதே மாதிரி நின்றிருக்கிறார்கள். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஒப்புக்கொண்டதே இல்லை, பிறகு சான்றிதழ் எங்கிருந்து வரும்? கணவன் மனைவியாக வாழ்ந்ததை அக்கம்பக்கத்தார் சொன்னால் போதும் என்று 1864-இல் சட்டத்தில் வழி செய்தார்கள். அப்படிச் சாட்சி சொல்ல வந்தவர்கள், ஒரே பண்ணையில் பிறந்து, ஒரே காலையில் ஒரே படகில் ஏறியவர்கள். கல்யாணத்தில் நான் இருந்தேன், இந்தப் பிள்ளை பிறந்தபோது நான்தான் பக்கத்தில், நாங்கள் இன்னார் பண்ணை ஆட்கள், கப்பல் வந்த அன்று சேர்ந்தே வந்தோம். அலுவலர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த வீரர்களில் ஒருவரின் வழிவந்த வரலாற்றாசிரியர், அந்த வாக்குமூலங்களில் வரும் பெயர்களை முதலாளிக் குடும்பங்களின் சொத்துப் பத்திரங்களோடு ஒப்பிட்டு, யார் யாருக்கு உறவு என்று குடும்பம் குடும்பமாகச் சேர்த்திருக்கிறார். பத்திரத்தில் வெறும் பெயரும் விலையுமாக இருந்தவர்கள், வாக்குமூலத்தில் அம்மா, அத்தை, மச்சான் ஆகிறார்கள். நான் திருப்பி அனுப்பிய கோப்புகளை நினைத்துக்கொண்டேன். அவற்றில் என்னென்ன வாழ்க்கை இருந்ததோ, நான் படிவத்தின் கட்டங்கள் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

டப்மனும் இதே வரிசையில் நின்றவர். அவருடைய இரண்டாவது கணவர் நெல்சன் டேவிஸ் போர்வீரர், 1888-இல் இறந்தார். படையில் அவர் பெயர் நெல்சன் சார்ல்ஸ். இரண்டும் ஒரே ஆள்தான் என்று டப்மன் சாட்சிகளை வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 1895-இல்தான் விதவை ஓய்வூதியம் மாதம் 8 டாலர் கிடைத்தது. 1899-இல் அதை 20 டாலராக உயர்த்தினார்கள், அதுவும் செவிலியாக வேலை பார்த்ததற்கு. கம்பீ ஆற்றில் உளவு பார்த்ததற்கு 1913-இல் இறக்கும்வரை ஓய்வூதியம் என்று எதுவும் தரவில்லை. உங்கள் கட்டுரையாளர் டப்மனின் பெருமையைச் சொல்ல விரும்பினால் இதைச் சொல்லியிருக்கலாம். அவரே சொல்லாத வாக்கியத்தால் அவர் கூட்டிவந்த மக்களை அவர் வாயாலேயே பழிப்பது, அவருக்கும் அநியாயம்.

என் கோரிக்கை இரண்டுதான். அந்த மேற்கோளை டப்மன் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஞாயிறு இணைப்பை வெட்டி ஒட்டி வைக்கிறார்கள்; என் பேரனும் வைத்திருக்கிறான். இன்னொன்று, அதே அளவில், அதே பெரிய எழுத்தில் ஒரு கட்டம் ஒதுக்கி, மைனஸ் ஹாமில்டன் சொன்னதைப் போடுங்கள். இந்த வயதில் கிளம்பி வந்திருக்கிறீர்களே, மிகவும் வயதாகிவிடவில்லையா என்று கேட்டதற்கு 88 வயது மனிதர் தந்த பதில் அது. அடிமை பூமியை விட்டு வெளியேற ஒருபோதும் வயது அதிகமாகிவிடுவதில்லை என்றார். நான் கிழவன், ஆனால் பிள்ளைகளுக்கு இது பெரிய நன்மை, தினமும் ஆயிரம் நன்றி சொல்கிறேன் என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர்,
மன்னார்குடி.